தரவுத்தளத்தில் வகை வழு

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நிகழும் என்பது தமிழிலக்கணங் கற்றார் யாவரும் அறிந்ததொன்றாம். எழுவாயும் பயனிலையும் இயைந்து வருவது வழாநிலை. இயையாது வருவது வழு. இயையாதாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. ஒருவன் தன் பசுவை உவப்பினால் அம்மை என்று உயர்திணையாற் கூறுவானாயின், உவப்பு என்னுங் காரணம் அவ்வழுவை அமைத்துக் கொடுக்கின்றது.

கணினித் தரவுத்தளங்களிலும் இம்மூன்று நிலைகளுங் காணப்படுகின்றன. வேறுபாடு யாதெனின், இலக்கணத்தில் வழுவமைதிக்குக் காரணம் வேண்டும். கணினியோ காரணம் எதுவுங் கேளாது, தன் உள்விதிகளின்படி ஒரு வகையை மற்றொரு வகையாக மாற்றி, மாற்றியதைப் பிறர்க்கு அறிவியாமலே அப்பாற் செல்லும். பிழை அறிவித்தலுடன் நின்றுவிடும் செய்நிரலைக் கண்டு பலர் அஞ்சுவர். அஞ்சத்தக்கது அதுவன்று, பிழை காட்டாது பிழைபட்ட பெறுமானத்தைப் பதிந்து வைக்கும் செய்நிரலே அஞ்சத்தக்கது.

முதற்கண் சில சொற்களின் பொருளை நோக்குதல் வேண்டும். தொடர்புடைத் தரவுத்தளம் என்னுங் கோட்பாட்டை 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளரான எட்கார் கோட் வெளியிட்டார். இக்கோட்பாட்டின் வழி அமைந்த அட்டவணைகளில் ஒவ்வொரு நிரலும் ஒரு குறித்த வகைப் பெறுமானங்களையே ஏற்கும். பெயருக்குரிய நிரலில் எழுத்துச் சரமும், நிறைக்குரிய நிரலில் தசம எண்ணும், பிறப்புக்குரிய நிரலில் திகதியும் அமையும். அட்டவணையில் ஒன்றைப் பதியவும் தேடவும் திருத்தவும் வேண்டிய கட்டளைகளை ஒருங்கே தொகுத்து, பெயரிட்டு, தரவுத்தளத்தினுள்ளேயே வைத்திருப்பது சேமித்த செயன்முறை எனப்படும். ஸ்டோர்ட் புரொசீஜர் என்று கணினித் துறையினர் வழங்குவது இதனையே. வெளியிலுள்ள செய்நிரல் அச்செயன்முறையைப் பெயர்சொல்லி அழைத்து, வேண்டிய பெறுமானங்களைப் பரமானங்களாகக் கொடுக்கும். ஆகவே ஒரு பெறுமானம் செய்நிரல், செயன்முறை, அட்டவணை என்னும் மூன்றிடங்களில் மும்முறை வகை குறிக்கப்படுகின்றது. இம்மூன்றும் ஒத்திருப்பின் வழாநிலை.

மன்னார்க் கரையோரத்தார்க்கு இதனை விளக்க ஓர் உவமை அண்மையிலேயே உண்டு. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பகுதிகளில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில், முத்துக்களைப் பருமன் பிரிப்பதற்குப் பெட்டி எனப்பட்ட பத்துச் சல்லடைகள் பயன்பட்டன. அவற்றின் துளைகள் முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 ஆகும். ஒரு முத்து எச்சல்லடையில் தங்கியதோ அச்சல்லடையின் எண்ணே அதன் வகை. விற்பவனும் வாங்குபவனும் ஒரே தொகுதிச் சல்லடைகளைக் கொண்டு சலித்தாலன்றி வகையிற் பொருத்தம் ஏற்படாது. செய்நிரலும் செயன்முறையும் வெவ்வேறு சல்லடைகளை வைத்திருப்பதே ஈண்டு ஆராயப்படும் வழு. முத்துச் சல்லடை பெரிய முத்தை நறுக்கிச் சிறிதாக்குவதில்லை. தரவுத்தளம் அதனையுஞ் செய்யும் என்பது மட்டுமே உவமைக்கு அப்பாற்பட்டது.

மன்னார்த் தீவின் கரையோர ஊரொன்றில் ஒரு மீனவர் சங்கம் தன் அங்கத்தவர் பதிவேட்டைக் கணினியில் அமைத்துள்ளதெனக் கொள்க. தரவுத்தளம் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வர், செய்நிரல் சி ஷார்ப் மொழியில் ஆக்கப்பெற்றது. பெயர், ஊர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, பிறந்த திகதி, நாளாந்தம் ஒப்படைத்த மீனின் நிறை ஆகியவை பதியப்படுகின்றன. புயல் நிவாரணமும் எரிபொருள் மானியமும் இப்பதிவேட்டைக் கொண்டே வழங்கப்படுவதாயின், ஓரெழுத்துக் குறைந்தாலும் ஒரு குடும்பத்துக்கு அது பேரிழப்பாகும்.

அடையாள அட்டை இலக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இலங்கையில் ஆட்களைப் பதிவுசெய்யும் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழங்கப்பெற்ற பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் வீ அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தொன்றும் உண்டு. முதலிரண்டும் பிறந்த ஆண்டின் ஈற்றிலக்கங்கள். அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். பின்வருவன மூன்றிலக்கத் தொடரெண்ணும் ஒரு சரிபார்ப்பிலக்கமுமாம். 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் எழுத்தேதுமின்றிப் பன்னிரண்டு இலக்கங்களாலானது. அதில் ஆண்டு நான்கு, நாள் மூன்று, தொடரெண் நான்கு, சரிபார்ப்பு ஒன்று. பழைய அட்டைகளும் செல்லுபடியாயிருந்தமையால் ஒரே நிரலில் இரு வடிவமும் கலந்து நிற்கலாயின.

2016க்கு முன்னர் எழுதப்பெற்ற செயன்முறையொன்றில் இவ்விலக்கத்துக்குரிய பரமானம் பத்து எழுத்துகள் கொண்ட சரமென்று குறிக்கப்பட்டிருத்தல் இயல்பே. புதிய பன்னிரண்டிலக்க எண்ணை அதற்குக் கொடுத்தால் யாது நிகழும்? பலரும் பிழை அறிவித்தல் வருமென்று எதிர்பார்ப்பர். வராது. அட்டவணை நிரலொன்றில் நீண்ட சரத்தை நேரே இடுங்கால் எஸ்.கியூ.எல். சேர்வர் தடுத்துப் பிழையுரைக்கும். ஆனால் செயன்முறையின் பரமானத்தில் நுழையுங்கால் மிகுதியைத் தானே வெட்டிவிட்டு முதற் பத்தை மட்டும் உட்செலுத்தும். வெட்டுண்ட இரண்டும் தொடரெண்ணின் கடையிலக்கமும் சரிபார்ப்பிலக்கமுமாம். அப்பால், ஒரே நாளிற் பிறந்த ஒரே பாலாருள், தொடரெண்ணின் முதல் மூன்றிலக்கமும் ஒத்த பதின்மர் வரை ஒரே பத்திலக்கத்தில் அடங்குவர். எவர் நிவாரணம் பெற்றார், எவர் பெறவில்லை என்று அப்பதிவேடு இனிச் சொல்லமாட்டாது.

இதற்கு அஞ்சி, புதிய இலக்கம் முழுதும் எண்ணாயிருத்தலின் அதனை எண்வகையாகவே வைத்துக்கொள்வோமென்று சிலர் துணிவர். இன்ட் என்னும் நிறைவெண் வகையின் மிகப்பெரிய பெறுமானம் 2,147,483,647. அது பத்திலக்கமே. பன்னிரண்டிலக்கம் அதில் அடங்காமையால் செய்நிரல் வழிதல் பிழை கூறி நிற்கும். 1996 யூன் 4இல் ஐரோப்பாவின் ஏரியேன் 5 உந்துகணை புறப்பட்ட ஏறத்தாழ 37 விநாடிகளில் அழிந்ததற்கும் இவ்வகைப் பிழையே காரணம். 64 பிற்று மிதவை எண்ணொன்றை, 32,767க்கு மேற் கொள்ளாத 16 பிற்று நிறைவெண்ணாக மாற்ற முயன்றதால் வந்த வினை அது.

இன்ட்டை விடுத்து பிக்இன்ட் என்னும் பெருநிறைவெண் வகையைக் கொண்டால் பன்னிரண்டிலக்கம் இனிதே அடங்கும். ஆயினும் இங்கேதான் மிக நுட்பமான வழுவொன்று ஒளிந்துள்ளது. செயன்முறையின் பரமானம் பிக்இன்ட். அட்டவணையின் நிரலோ எழுத்துச் சரம். இரண்டையும் ஒப்பிடுங்கால், வகைகளுக்குள் முதன்மை வரிசை ஒன்று உண்டென்பதால், எண்ணைச் சரமாக்காது நிரலிலுள்ள சரங்களையெல்லாம் எண்ணாக்கவே தரவுத்தளம் முயலும். புதிய இலக்கங்கள் மட்டும் இருக்கும்வரை தேடல் செவ்வனே நடக்கும். வீ எழுத்தில் முடியும் பழைய இலக்கமொன்று எதிர்ப்பட்டவுடன், சரத்தைப் பெருநிறைவெண்ணாக மாற்ற இயலவில்லை என்னும் பிழை எழும். தேடப்பட்டவர் ஒருவர், பிழையை எழுப்பியது மற்றொருவரின் இலக்கம். கொடுத்த பெறுமானத்தை எத்தனைமுறை பரிசோதித்தாலும் அதிற் குற்றங் காணமுடியாது. சோதனைக்கெனப் புதிய இலக்கங்களை மட்டும் இட்டுப் பார்த்தவர், தம் கணினியில் நன்றாயிருந்தது பதிவேட்டில் ஏன் கெட்டதென்று நாட்கணக்கில் மயங்குவதற்கு இதுவே காரணம்.

எண்ணால் எழுதப்படுவன யாவும் எண்ணல்ல. எதனைக் கூட்டவோ பெருக்கவோ தேவையில்லையோ, அது எண்ணுருவில் அமைந்த பெயரேயாம். மன்னாரின் தொலைபேசிக் குறியீடு 023. அதனை எண்ணாகக் கொண்டால் 23 ஆகும். அஞ்சற் குறியீடு இன்னும் வஞ்சனையானது. மன்னாருக்கு 41000 ஆதலின் மன்னாரிலிருந்து சோதிப்பவர்க்கு ஒரு குறையுந் தோன்றாது. கொழும்பு 1இன் குறியீடாகிய 00100 வந்து 100 எனப் பதியப்பட்ட பின்னரே உண்மை வெளிப்படும்.

இனி, தமிழ்ப் பெயர்களைப் பதியும் வகை. இதுவே தமிழர்க்குத் தலையாயது. ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற கைந்நூல்கள் இதனை ஒரு வரியிற் கடந்துசெல்வதும் வியப்பன்று. எஸ்.கியூ.எல். சேர்வரில் வார்சார், என்வார்சார் எனச் சர வகைகள் இரண்டு. முன்னையது ஒரு குறித்த குறியீட்டுப் பக்கத்துள் அடங்கும் எழுத்துகளையே ஏற்கும். பின்னையது யுனிக்கோட் எழுத்துகள் அனைத்தையும் ஏற்கும். இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் ஒவ்வொரு தமிழ் வடிவமும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் அமர்ந்திருந்தது. மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி இடமாயிற்று. தரவுத்தளத்தின் கண்ணுக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகளே. ஆதலால் வார்சார் நிரலிற் பதிந்தும் ஊறு நேரவில்லை. உள்ளீடு யுனிக்கோடுக்கு மாறியபோது அட்டவணையும் செயன்முறையும் பழையபடியே இருந்தால், தமிழுக்கெனத் தனிக் குறியீட்டுப் பக்கம் இல்லாமையால், ஒவ்வோர் எழுத்தும் வினாக்குறியாக மாறும். மன்னார் என்று பதிந்தவர்க்கு மீளக் கிடைப்பது ஏழு வினாக்குறிகள். பிழை அறிவித்தல் ஒன்றும் இராது.

நிரலை மட்டும் என்வார்சார் ஆக்கிவிட்டுச் செயன்முறையின் பரமானத்தை வார்சாராகவே விடுவோர் பலர். நடுவே நின்ற அப்பரமானத்திலேயே தமிழ் அழிந்துவிடுவதால், நிரல் எவ்வளவு அகன்றிருந்தும் அங்கே வந்துசேர்வது வினாக்குறியே. அவ்வாறே செயன்முறையைக் கையால் அழைத்துச் சோதிக்குங்கால், சரத்தின் மேற்கோளுக்கு முன்னே ‘என்’ என்னும் பெரிய ஆங்கில எழுத்தை இடாதுவிட்டாலும் அதே கேடு விளையும். அப்பொழுது குற்றம் சோதித்த முறையிலேயன்றிச் செயன்முறையில் இல்லை.

ஏழு வினாக்குறிகள் என்றதற்கு விளக்கம் வேண்டும். மன்னார் என்பது ம, ன், னா, ர் என நான்கெழுத்துச் சொல். யுனிக்கோட் முறையிலோ அகரமேறிய மெய்யே அடிப்படைக் குறி. புள்ளியும் கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். ஆகவே அந்நான்கெழுத்து ஏழு குறிகளாகும். பேசாலை மூன்றெழுத்து, குறிகள் ஆறு. தலைமன்னார் ஆறெழுத்து, குறிகள் பத்து. தமிழ் எழுத்தெண்ணிக்கையைக் கொண்டு பரமானத்தின் நீளத்தை வரையறுப்பவர் இதனால் இடர்ப்படுவர். நீளம் மூன்றென வைத்த பரமானத்திற் பேசாலை நுழைந்தால் பேச என்று வெளிவரும். நீளம் நான்காயின் மன்னார் மன்ன ஆகும். நீளத்தைக் குறியாமலே என்வார்சார் என்று மட்டும் பரமானத்துக்கு எழுதிவிட்டால் நீளம் ஒன்றென்றே கொள்ளப்படும்; அப்பொழுது மன்னாரில் எஞ்சுவது ம மட்டுமே. எஸ்.கியூ.எல். சேர்வரின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் யு.டி.எப். 8 முறையில் வார்சார் நிரலிலும் தமிழைப் பதியலாம். ஆனால் அங்கே நீளம் பைற்றுகளால் அளக்கப்படும். தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற்று. மன்னாருக்கு 21 பைற்று வேண்டியிருத்தலின் இருபது என வரையறுத்த நிரல் போதாது.

நிறையும் அளவும் பற்றிய வழுக்கள் இவற்றினும் எளியவை. டெசிமல் என்னும் வகைக்குத் தசமத் தானங்கள் எத்தனை என்று கூறாவிட்டால், பூச்சியம் எனக் கொள்ளப்படும். மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்து 2020 திசெம்பரில் திறக்கப்பெற்ற தம்பபவனி காற்றாலைத் தொகுதியில் 30 விசையாழிகள் உள்ளன, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5. தானங் கூறாத பரமானத்தில் 3.45 நுழைந்தால் 3 ஆகும்; முப்பதாற் பெருக்க 90. பதின்மூன்றரை மெகாவாற்று காற்றோடு போயிற்று. மீனின் நிறை 12.75 கிலோவாயின் அவ்வகைப் பரமானம் 13 என மதிப்பேற்றும். இன்ட் பரமானமோ 12 எனக் குறைக்கும். அதே 12.75ஐச் சரமாக அனுப்பினால் இன்ட் பரமானம் ஏற்காது பிழை கூறும். முரண் மிகுந்த வடிவம் தடுக்கப்பட, முரண் குறைந்த வடிவம் ஊறு செய்து உட்புகுவது நோக்கற்பாலது.

திகதியிலும் இதே நிலை. 22/12/1964 என்பது தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் தாக்கிய பெரும்புயலின் நாள். இதனைச் சரமாக அனுப்ப, அமெரிக்க முறையில் மாதத்தை முன்வைத்துப் படிக்கும் தரவுத்தளம் இருபத்திரண்டாம் மாதம் இல்லையென்று மறுக்கும். இலங்கை சுதந்திரமடைந்த 04/02/1948 ஐ அனுப்பினாலோ ஏப்பிரல் 2 என்று அமைதியாகப் பதிந்துகொள்ளும். பன்னிரண்டாந் திகதிக்குட் பிறந்தோர் அனைவரும் இவ்வாறு பிறந்தநாள் மாறுவர். நாளும் மாதமும் ஒரே எண்ணாயினோர் மட்டும் தப்புவர். திகதியைச் சரமாக அல்லாது திகதி வகையாகவே பரமானத்திற் கொடுத்தால் இவ்வழு எழாது. தொன்மைச் சின்னங்களைப் பட்டியலிடுவோர்க்கு வேறொரு தடை உண்டு. டேட்டைம் வகை 1753ஆம் ஆண்டுக்கு முந்திய திகதியை ஏற்பதில்லை. பிரித்தானியர் 1752இல் தம் நாட்காட்டியைத் திருத்தியமையை ஒட்டிய எல்லை அது. மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் அமைத்ததையும் ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றியதையும் பதிய வேண்டின் டேட்டைம்2 அல்லது டேட் வகையே தக்கது.

திரும்பிவரும் பெறுமானங்களிலும் வகை வழு உண்டு. செயன்முறையின் ரிட்டேர்ன் கூற்று நிறைவெண்ணை மட்டுமே தரவல்லது. பெயரையோ நிறையையோ பெற வெளியீட்டுப் பரமானம் வேண்டும். சர வெளியீட்டுக்கு நீளமுங் குறித்தல் வேண்டும். புதிய அங்கத்தவரைப் பதிந்தபின் அவர்க்கு ஏற்பட்ட தொடரெண்ணைத் தரும் ஸ்கோப் ஐடென்டிட்டி என்னுஞ் சார்பு, நிரல் இன்ட் ஆயிருந்தபோதும், 38 இலக்கத் தசம எண்ணாகவே விடையளிக்கும். அதனை இன்ட் என எண்ணி நேரே பெற முயலும் சி ஷார்ப் செய்நிரல் வகைமாற்றப் பிழையால் வீழும். செயன்முறையினுள்ளேயே இன்ட்டாக மாற்றித் தருவது நன்று. இனி, வெற்றுப் பெறுமானத்தை அனுப்பக் கருதிச் சி ஷார்ப்பின் நல் என்பதைக் கொடுத்தால் பரமானமே அனுப்பப்படாது; எதிர்பார்த்த பரமானம் தரப்படவில்லை என்னும் பிழையே வரும். டி.பி.நல் என்னுந் தனிப் பெறுமானத்தைக் கொடுத்தல் வேண்டும்.

சில இணைப்பு முறைகளில் பரமானங்கள் பெயராற் பொருந்தும். வேறு சிலவற்றில், குறிப்பாக ஓ.டி.பி.சி. போன்றவற்றில், வரிசையாற் பொருந்தும். பின்னையது அணியிலக்கணத்து நிரனிறை போன்றது: வரிசை ஒன்று பிறழ்ந்தால் அனைத்தும் பிறழும். ஊர் நிற்கவேண்டிய இடத்திற் பிறந்த திகதி வந்து நிற்குமாயின், அச்செய்நிரலில் வகையை ஆராய்வதற்கு முன் வரிசையை ஆராய்தல் தகும்.

வழுவைத் தேடுமுறையிலும் ஒழுங்கு வேண்டும். பிழை அறிவித்தலை முழுதும் படிக்காது முதல் வரியுடன் நிறுத்துவதே பெருங்குறை. எந்தச் செயன்முறை, எத்தனையாவது வரி, எவ்வகையிலிருந்து எவ்வகைக்கு மாற்ற முயன்றது என்னும் மூன்றும் பெரும்பாலும் அதிலேயே உள. பிழை எழுந்த வரி அழைக்கும் செய்நிரலிலன்றிச் செயன்முறையினுள் இருக்கக் கண்டால், மேற்கூறிய வீ எழுத்துப் போல அட்டவணையிலேயே குற்றம் இருத்தல் கூடும். ட்ரை கன்வேர்ட் என்னுஞ் சார்பு, மாற்ற இயலாத பெறுமானத்துக்குப் பிழை கூறாது வெற்றைத் தருவதாகலின், அத்தகைய வரிசைகளைத் தனித்தெடுக்க உதவும். அதன்பின் சிஸ் பராமீட்டர்ஸ் என்னும் பட்டியலைத் திறந்து, செயன்முறை உண்மையில் எவ்வகை, எந்நீளம், எத்தனை தசமத் தானங்களைக் கொண்டுள்ளதென்று பார்த்து, அட்டவணை நிரலுடனும் செய்நிரலில் எழுதியதுடனும் ஒப்பிடவேண்டும். நினைவிலிருந்து ஒப்பிடுதல் ஆகாது. செயன்முறையை எழுதியவரே தாம் எழுதிய நீளத்தை மறந்திருப்பார். அதே பெறுமானங்களுடன் செயன்முறையைக் கையால் அழைத்துச் செவ்வையாக நடந்தால் குற்றம் செய்நிரற் பக்கத்தது. எக்ஸ்டென்டட் ஈவென்ட்ஸ் என்னுங் கருவியைக் கொண்டு, செய்நிரல் உண்மையில் அனுப்பியது யாதென்று கண்ணாற் காணலாம்.

சி ஷார்ப்பில் ஆட் வித் வல்யூ என்னும் குறுக்குவழி பெருவழக்காயுள்ளது. பெறுமானத்தை மட்டுங் கொடுத்தால் வகையை அது தானே ஊகித்துக்கொள்ளும். எழுதுவதற்கு இலகுவாயினும், வகையையும் நீளத்தையும் எழுதுபவர் ஒருமுறையேனும் சிந்திக்க வேண்டிய இடத்தை அது பறித்துவிடுகின்றது. ஒவ்வொரு பரமானத்துக்கும் வகை, நீளம், தசமத் தானம் ஆகியவற்றை வெளிப்பட எழுதுவதால் மிகுவன சில வரிகளே.

வழுவைத் திருத்திய பின்னரும் முன்னர்ப் பதியப்பட்டவை அவ்வாறே கிடக்கும். வெட்டுண்ட அடையாள அட்டை இலக்கத்தை அட்டையின் படியிலிருந்து நிரப்பலாம். மாறிப்போன திகதியை அவ்விலக்கத்தின் நாளெண்ணைக் கொண்டே சரிபார்க்கலாம். அங்கே பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள் கொள்ளப்படுவதையும் பெண்களுக்கு 500 கழிக்கவேண்டியதையும் மறத்தலாகாது. வினாக்குறிகளாகிவிட்ட பெயர்களுக்கோ கணினிக்குள் ஒரு வழியும் இல்லை. ஏழு வினாக்குறிகள் மன்னாரையும் குறிக்கலாம், ஏழு குறிகொண்ட வேறெதனையும் குறிக்கலாம். சங்கத்தின் அலுமாரியில் மையால் எழுதிய பழைய பதிவேடு எஞ்சியிருப்பின், அதனை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்து மீண்டும் பதிய வேண்டியதுதான்.